எத்தனை வெள்ளி

ஹேமலதாவுக்கு மூன்று நாள் லீவு கிடைக்கவில்லை.
லேப்புக்குக் கிளம்பும் அவசரத்தில்
வீணான ரிப்போர்ட் தாளொன்றின் முதுகில்
ஒரு சதுரம் போட்டாள்,
அதைச் சுற்றி இன்னொன்று, இன்னொன்று, இன்னொன்று.
உள்ளேயிருந்து வெளியே
சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி.
"மாசம் தெரிஞ்சாப் போதும், தொலைய மாட்டே."
கிள்ளானில் எனக்குத் தெரிந்த தமிழ் மாசம் இரண்டுதான்:
பூசத்துக்குத் தை, தீமிதிக்கு ஆடி.
தை படத்தில் இல்லை.
ஆடி வீதி கோயிலுக்குள்ளே இருக்கிறதாம்.

முதல் நாள் மாசியில் நுழைந்து
ஒரு மணி நேரம் நடந்து
மாசிக்கே வந்து சேர்ந்தேன்.
மேல மாசி, தெற்கு மாசி, கீழ மாசி.
திசை மாறுகிறது, மாசம் முடியவே இல்லை.
தொலைஞ்சா கோபுரத்தைப் பாரு என்றிருந்தாள்.
எந்த முக்கில் நின்று அண்ணாந்தாலும் ஒன்று இருந்தது,
எது என்று அதன்மேல் எழுதியிருக்கவில்லை.
வெங்காய மூட்டை சுமந்து வந்தவர்
சுமையோடே நின்று கேட்டார்,
"எங்கிட்டுப் போகணும்?"
எங்கிட்டு.
அந்தச் சொல்லை நாக்கில் உருட்டிக்கொண்டிருந்ததில்
அவர் சொன்ன வழியைக் காதில் வாங்கவில்லை.

மறுநாள் ஒரு மெஸ்ஸில்
"பசியாற வந்தேன்" என்றேன்.
எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேர்.
பரிமாறுகிறவர்
நாலு நாள் பட்டினி கிடந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்து
கேட்காத வடை ஒன்றை இலையில் வைத்தார்.
பில்லில் அதுவும் இருந்தது.

பிறகு, ஒரு பிளாஸ்டிக் வாளி.
"எத்தனை வெள்ளி?"
கடைக்காரர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"வெள்ளின்னா தெற்காவணி மூல வீதிக்குப் போங்கக்கா,
நம்மகிட்ட நீலமும் பச்சையுந்தான்."
திருத்திச் சொல்லக் கூச்சம்.
போனேன்.
பகல் பதினோரு மணிக்கு
அத்தனை விளக்கையும் எரியவிட்டிருந்த தெருவில்
ஒரு மெட்டியை எடுத்து, கவனமாக,
எத்தனை ரூபாய் என்று கேட்டேன்.
கல்யாணம் யாருக்கு என்றார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம்
ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார்ந்து
பந்தடிக்குக் கூட்டிப்போனாள், அவள் அம்மா வீட்டுக்கு.
கதவு திறந்தது.
ஹேமலதா பேசினாள்,
அம்மா பேசினார்,
உள்ளேயிருந்து தம்பி ஏதோ கத்தினான்.
ஒரு சொல் பிடிபடவில்லை எனக்கு.

"வீட்ல சௌராஷ்டிரம்தான். சொன்னதில்லையா நான்?"

சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில்
ஒரே வார்டு, நாலு வருஷம்.
ஏழாம் மாடி அவசரப் படிக்கட்டில்
போனைக் கன்னத்தோடு அழுத்திக்கொண்டு அழுவாள்.
இந்தி என்று நினைத்தேன்.
வடக்கே ஒரு காதலனை உண்டாக்கி
அவனுக்கு மீசைகூட வைத்திருந்தேன்.
பேசிக்கொண்டிருந்தது இவரிடம்,
எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுகிற இவரிடம்.

வாளிக் கதையைச் சொன்னேன்.
ஹேமலதா சிரித்து, பாதியில் நிறுத்தினாள்.
"எனக்கு மட்டும் என்ன?
அங்க வந்த முதல் வாரம்
ஒரு குடைக்கு ஆறு வெள்ளின்னான்.
ஆறு வெள்ளிக்கிழமை தவணைன்னு நினைச்சேன்.
குடையை வச்சிட்டு நனைஞ்சுக்கிட்டே வந்தேன்."

அந்த மழை எனக்கு ஞாபகம் இருக்கிறது.
ஈரத் தலையோடு டியூட்டிக்கு வந்தவளை
எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன்.

"ஏன் என்கிட்ட கேக்கலை?"

"நீ அவ்வளவு வேகமாப் பேசுவே."

அம்மா ஒரு சொம்பு நீட்டினார்.
பாணி, என்றார்.
வாங்கிக்கொண்டேன்.
ஹேமலதா மொழிபெயர்க்க வாயெடுத்தாள்,
வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு
அண்ணாந்து குடித்ததில்
பாதி கழுத்தில் இறங்கியது.

பையில் அந்தத் தாள் நாலாய் மடிந்து கிடந்தது.
பிரித்தேன்.
சதுரங்களின் கீழ்மூலையில் ஒரு புள்ளி,
மூன்று நாளாய் மசி தெறித்தது என்று
நான் நினைத்திருந்த புள்ளி.
"இது?"
"இங்கதான்" என்றாள்,
கேசரிக்கு முந்திரி பொறுக்கிக்கொண்டே.